சுக்கான் பெட்டிக்குப் பொருத்தம் பார்த்தல்

இயங்கும் பொருள் யாவற்றுக்கும் செலுத்தும் ஆற்றல், திருப்பும் ஆற்றல் என இரண்டு வேண்டும். முன்னதைக் கண்டு வியப்பவர் பலர். பின்னதை எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலர். மோட்டார் வண்டியொன்றைக் காண்பவர் அதன் இயந்திரம் எத்தனை குதிரை வலிமையுடையது என்று வினவுவரேயன்றி, அதனைத் திருப்பும் கருவி எவ்வகையினது என்று வினவியதை யாம் கேட்டிலோம். பெருங் கப்பலையும் ஒரு சிறு சுக்கான் திருப்பிவிடுவதை யாக்கோபு நிருபம் நாவுக்கு உவமையாக ஆண்டிருப்பதை நம் கல்லூரி ஆலயத்தில் பலகாலும் கேட்டிருக்கிறோம். அச்சொல்லையே கடனாகக் கொண்டு, பட்டறைகளில் ஸ்டியரிங் பாக்ஸ் என்று வழங்கும் உறுப்பைச் சுக்கான் பெட்டி என இக்கட்டுரையில் குறிப்போம். பழைய வண்டியொன்றுக்கு அப்பெட்டியைத் தேடி யாமும் எம் நண்பரும் ஏறக்குறைய ஓராண்டு அலைந்தோம். அவ்வலைச்சலிற் கற்றவற்றுள் பிறர்க்கும் பயன்படுவன சிலவற்றை ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

முதற்கண் அப்பெட்டி யாது செய்கின்றது என்பதை அறிதல் வேண்டும். ஓட்டுபவர் கைச்சக்கரத்தைத் திருப்ப, அதனோடு இணைந்த நீண்ட தண்டு சுழல்கின்றது. தண்டின் அடியில் திருகாணியின் மரையைப் போல் வெட்டப்பட்ட ஒரு பல்லுருளை உண்டு. இதனை வார்ம் என்பர். அவ்வுருளை, விசிறி வடிவான வேறொரு பல்துண்டை மெல்ல அசைக்கின்றது. அது செக்டார் எனப்படும். செக்டாரின் தண்டு பெட்டிக்கு வெளியே நீண்டு, அதன் முனையில் டிராப் ஆர்ம் என்னும் இரும்புக் கை தொங்குகின்றது. அக்கை ஒரு நீண்ட கோலைத் தள்ளவும் இழுக்கவும், அக்கோல் முன் சக்கரத்தைத் திருப்புகின்றது. கையின் சிறு வலிமையைப் பெருக்கித் தருவதும், சாலையின் உலுக்கல் கைக்கு ஏறாமற் காப்பதும் இப்பெட்டியின் இருபெரும் பணிகள். இயற்பியல் வகுப்பில் நெம்புகோலையும் திருகையும் தனித்தனியே கற்கின்றோம். இங்கே அவ்விரண்டும் ஒரு கைப்பிடியளவான கூட்டுக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

இனி வண்டியின் வரலாறு. அது 1930-ஆம் ஆண்டில் ஆக்கப்பெற்ற போர்டு ‘ஏ’ மாதிரி. 1927-இன் இறுதி தொடங்கி 1932-இன் தொடக்கம் வரை ஏறத்தாழ 48 இலட்சம் வண்டிகள் இம்மாதிரியில் வெளிவந்தன. நான்கு உருளைகளும் 40 குதிரை வலிமையும் உடைய 3.3 லிட்டர் இயந்திரம் அதற்குரியது. எம் நண்பருடைய அப்புச்சியின் தகப்பனார் இதனை வாங்கிப் பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டத்தில் வைத்திருந்தார். 1970-களில் அக்குடும்பத்து இளைஞர் சிலர் இதன் கூரையை அறுத்து, முன் மட்காப்புகளைக் கழற்றி, பழைய இயந்திரத்துக்கு மாறாக அம்பாசடரின் 1,489 கன சென்டிமீட்டர் இயந்திரத்தைப் பூட்டிவிட்டனர். இத்தகைய வண்டியை அமெரிக்கர் ஹாட் ராட் என்பர். கலிபோர்னியாவின் தென்பகுதியிலுள்ள வறண்ட ஏரிப்படுகைகளில் இளைஞர் தம் பழைய போர்டு வண்டிகளின் கனத்தைக் குறைத்தும் இயந்திரத்தை மாற்றியும் விரைவுப் போட்டி நிகழ்த்தியதினின்று எழுந்தது இவ்வழக்கம். அவர்களுடைய மன்றங்கள் ஒன்றுகூடி 1937-இல் ஒரு சங்கமாயின. 1948-இல் அப்பெயராலேயே ஒரு திங்களிதழும் தோன்றிற்று. நம் கொங்கு நாட்டு இளைஞர் அவ்விதழைக் கண்டவரல்லர். ஆயினும் கையில் ஸ்பானரும் மனத்தில் ஆசையும் இருக்குமிடமெல்லாம் ஒரே பயிர் விளையும் போலும்.

பல்லாண்டுகள் சாளையில் உறங்கிய அவ்வண்டியைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்தில் நண்பர் இயக்கினார். இயந்திரம் இரண்டாம் முயற்சியிலேயே உயிர்பெற்றது. தென்னை வரிசைகளுக்கிடையே மிதிவண்டி வேகத்தில் அவர் ஓட்டிச் செல்கையில், வாய்க்கால் திருப்பத்தில் கைச்சக்கரம் சுழன்றதேயன்றி முன் சக்கரங்கள் அதற்கிணங்கத் திரும்பவில்லை. தடையை மிதித்து நிறுத்திய இடத்துக்கு இரண்டடி அப்பால் தேங்காய் உரிப்பவர்கள் பிள்ளைகளோடு அமர்ந்திருந்தனர். எவர்க்கும் தீங்கில்லை. ஆனால் நண்பரின் தாயார் வந்து, ஒரு சொல்லும் கூறாமல், சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். பெட்டி சீராகும்வரை அம்முடிச்சு அவிழாது என்பது வீட்டில் உள்ளார் யாவர்க்கும் விளங்கிற்று. எண்பதைக் கடந்த அப்புச்சி திண்ணையிலிருந்து எம்மை நோக்கி, “தம்பி, வண்டி போறதுக்கு என்ஜின் வேணுமுங்க, ஊடு வந்து சேர்றதுக்கு இதுதானுங்க வேணும்” என்றார். தம் பதினாறாம் வயதில் அவ்வண்டியிலேயே ஓட்டப் பழகியவர் அவர். இன்னுமொரு முறை அதனைத் தம் கையால் ஓட்டவேண்டும் என்பது அவர் வெளிப்படச் சொல்லாத விருப்பம்.

பெட்டியைக் கழற்றிக் கோயமுத்தூரில் கணபதிப் பக்கத்துப் பட்டறையொன்றுக்குக் கொண்டு சென்றோம். மேஸ்திரி அதனைப் பிரித்துக் காட்டினார். எண்ணெய் நிற்கவேண்டிய இடத்தில் எவரோ கிரீஸை அடைத்திருந்தனர். கிரீஸ் பற்களால் ஒருமுறை ஒதுக்கப்பட்டால் ஒதுங்கியே நிற்கும். கெட்டியான எண்ணெயோ தானே வழிந்து வந்து பற்களை மீண்டும் நனைக்கும். பல்லுருளையின் தேய்வு நடுப்பகுதியில் மிகுந்தும் இரு கோடிகளில் குறைந்தும் இருந்தது. வண்டி பெரும்பாலும் நேரே செல்வதாதலின் நடுப்பற்களே இடையறாது உழைக்கின்றன. இந்நிலையில் நடுவின் தளர்ச்சியை நீக்க இறுக்கினால், தேயாத கோடிகளில் பல் பிடித்துக்கொள்ளும். முழுதும் திருப்பிய சக்கரம் மீளாது நின்றுவிடும். ஆகவே இறுக்கிச் சரிசெய்தல் ஆகாது.

அதனினும் பெரிய கேடு கூட்டில் இருந்தது. மேஸ்திரி கூட்டைக் கழுவி உலர்த்திச் செந்நிறச் சாயமொன்றைத் தெளித்தார். சற்றுப் பொறுத்து அதனைத் துடைத்து, வெண்பொடியைப் பூசினார். கண்ணுக்குத் தோன்றாத விரிசலில் புகுந்த சாயம் வெளிப்பட்டு, போல்ட் துளையருகே செங்கோடாக ஓடிற்று. அக்கோட்டின்மேல் பழைய பற்றவைப்பின் தடமும் காணப்பட்டது. பல்லை மாற்றுவதால் மட்டும் தீரும் குறையன்று, வேறு பெட்டியே வேண்டும் என்பது அப்போது உறுதியாயிற்று.

வேறு பெட்டி என்றவுடன் ஆளுக்கொரு பெட்டியைச் சொன்னார்கள். உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளிலும் சென்னைப் புதுப்பேட்டையிலும் தேடினால் கிடையாத உறுப்பில்லை என்பது பொதுவான நம்பிக்கை. ஆயினும் கிடைப்பது வேறு, பொருந்துவது வேறு. நம் வீடுகளில் திருமணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பதுபோல, சுக்கான் பெட்டிக்கு ஐந்து பொருத்தம் பார்க்கவேண்டும் என்பதை யாம் மெல்ல மெல்ல அறிந்தோம்.

முதலாவது பக்கப் பொருத்தம். நம் நாட்டில் ஓட்டுபவர் வலப்புறம் அமர்கின்றார், அமெரிக்காவில் இடப்புறம். இடப்புறப் பெட்டியை வலப்புறத்துக்கு மாற்றினால் யாது நேரும்? கண்ணாடிமுன் ஒரு திருகாணியைப் பிடித்துப் பாருங்கள். கண்ணாடியிற் தோன்றும் உருவத்தில் மரை எதிர்ப்புறமாகச் சுற்றியிருக்கும். வலப்பக்கப் பெட்டி இடப்பக்கப் பெட்டியின் கண்ணாடி உருவமாகும். எனவே அதன் பல்லுருளையும் எதிர்மரை உடையதாதல் வேண்டும். அங்ஙனமின்றி இடப்பக்க மரையையே வலப்பக்கத்துக் கூட்டிற் பூட்டினால், வலப்புறம் திருப்ப வண்டி இடப்புறம் செல்லும். இரும்புக் கையைக் கீழ்நோக்காது மேல்நோக்கி நிறுத்தித் திசையை மாற்றுவாரும் உளர். எம் வண்டியில் அங்ஙனம் செய்தால் நீண்ட கோல் சட்டத்திலும் உடற்கூட்டிலும் முட்டும். அமெரிக்காவில் ‘ஏ’ மாதிரிக்குரிய பற்கள் இன்றும் புதிதாக ஆக்கி விற்கப்படுகின்றன என்று கேட்டு மகிழ்ந்த யாம், அவை இடப்புற வண்டிகளுக்குரியன என்று கண்டு அவ்வழியை விட்டோம்.

இரண்டாவது வீச்சுப் பொருத்தம். டிராப் ஆர்ம் சில பெட்டிகளில் முன்னும் பின்னுமாக வீசும். சிலவற்றில் இடமும் வலமுமாக வீசும். எம் வண்டியில் அது முன்பின்னாக வீசி, வலச் சக்கரத்தருகேயுள்ள கையைத் தள்ளுகின்றது. நண்பரின் தம்பியார் விரும்பியது மாருதி ஜிப்சியின் பெட்டி. அதனுள் பல்லுருளைக்கும் நட்டுக்கும் இடையே சிறு எஃகுக் குண்டுகள் ஓடிச் சுழன்று மீள்கின்றன. உராய்வு மிகக் குறைவு. அமெரிக்காவில் 1940-ஆம் ஆண்டுக் காடிலாக்கில் புகுந்த இம்முறை பின்னர் உலகெங்கும் பரவிற்று. வலப்புற ஓட்டத்துக்கே அமைந்த பெட்டியாதலின் முதற் பொருத்தமும் உண்டு. ஆனால் அதன் கை பக்கவாட்டில் வீசுவது. பிரிமியர் பத்மினியின் பெட்டியும் அத்தகையதே. எம் வண்டியின் முன்னச்சோ குறுக்கே கிடக்கும் ஒரே கமான் பட்டையில் தொங்குவது. தொங்கு வளையங்கள் இடங்கொடுப்பதால் அச்சு சிறிது பக்கவாட்டில் நகரும். பக்கவாட்டில் தள்ளும் பெட்டியைப் பூட்டினால், சக்கரம் திரும்புவதற்குமுன் அச்சே நகர்ந்துவிடும். அதனைத் தடுக்கச் சட்டத்துக்கும் அச்சுக்கும் குறுக்கே இன்னொரு கோல் பூட்டவேண்டும். அதற்கொரு தாங்கி பற்றவைக்கவேண்டும். ஒன்றைத் திருத்தப் புகுந்து மூன்றை மாற்றும் வழி அது.

அம்பாசடரின் கருவியைப் பூட்டலாமே என்றும் சிலர் கூறினர். இயந்திரமே அம்பாசடருடையதாயிருக்க, அவ்வினத்தே ஸ்டியரிங்கும் கொள்வது இயல்பாகத் தோன்றிற்று. ஆனால் அம்பாசடரில் உள்ளது பெட்டியன்று. நீண்ட பற்சட்டத்தைச் சிறு பற்சக்கரம் இடம்வலமாக நகர்த்தும் ராக் அண்டு பினியன். முன் சக்கரங்கள் தனித்தனியே ஏறியிறங்கும் வண்டிக்கு அது மிகச் சிறந்தது. இரு சக்கரங்களையும் ஒரே அச்சு பிணைத்திருக்கும் வண்டியில், சட்டத்தில் நிலையாகப் பூட்டிய பற்சட்டத்துக்கும் ஏறியிறங்கும் அச்சுக்கும் ஒத்துவராது. சிறந்த கருவி என்பதும் உரிய கருவி என்பதும் ஒன்றல்ல என்பதை இங்கே தெளிந்தோம்.

மூன்றாவது விகிதப் பொருத்தம். கைச்சக்கரம் எத்தனை பாகை திரும்பினால் இரும்புக் கை ஒரு பாகை திரும்பும் என்பதே விகிதம். ‘ஏ’ மாதிரியின் பிற்பட்ட பெட்டியில் அது ஏறத்தாழ 13-க்கு 1. விகிதம் கூடினால் கைக்கு எளிமை. ஆனால் திருப்பத்தில் சக்கரத்தைப் பலமுறை சுற்றவேண்டும். குறைந்தால் விரைவு, ஆனால் தோளுக்கு வேலை. எண்பது கடந்தவர் ஒருவர் ஓட்ட விரும்பும் வண்டிக்கு இஃது அற்பச் செய்தியன்று.

நான்காவது பாரப் பொருத்தம். முன்னச்சின்மேல் விழும் கனத்துக்கும் சக்கரத்தின் அகலத்துக்கும் பெட்டி ஈடுகொடுக்க வேண்டும். அமெரிக்க இளைஞர் கனத்த எட்டுருளை இயந்திரத்தையும் அகன்ற டயர்களையும் பூட்டியபோது பழைய பெட்டிகள் தாங்காமற் போகவே, பிற்காலத்து லாரிகளின் பெட்டிகளை நாடினர். எம் வண்டியின் நிலையோ மாறானது. அம்பாசடர் இயந்திரம் பழைய இயந்திரத்தினும் கனங் குறைந்தது. டயர்களும் பழைய ஒடுக்கமானவையே. ஆகவே போர்டார் முதலிற் பூட்டிய அளவான பெட்டியே போதும். அதனினும் வலியது வேண்டுவதில்லை.

ஐந்தாவது இடப் பொருத்தம். இதுவே கடினமானது. ஜீப்பின் பெட்டி இவ்விடத்தில்தான் தோற்றது. மகிந்திராவின் பழைய ஜீப்புகளில் ராஸ் முறைப் பெட்டி உண்டு. பல்லுக்கு மாறாக வளைந்த வரிப்பள்ளத்தில் இரண்டு முளைகள் ஓடும். விகிதம் நடுவில் 12, கோடிகளில் 14. அதன் கை முன்பின்னாகவே வீசுகின்றது, வலப்புற அமைப்பும் உண்டு, விலையும் குறைவு. நாங்கள் ஏறக்குறைய அதனையே முடிவுசெய்தோம். ஆயினும் மேஸ்திரி அதனைச் சட்டத்தின்மேல் வைத்துச் சுண்ணக்கட்டியால் கோடிட்டுக் காட்டியபோது, அதன் கை பழைய இடத்தினின்று பல அங்குலம் விலகி நின்றது. இவ்விலகல் ஏன் பெரிதென்றால், அச்சு ஒரு பள்ளத்தில் ஏறியிறங்கும்போது ஒரு வட்டத்தின் சிறு வில்லாக நகர்கின்றது. கையினின்று செல்லும் கோலும் தன் முனையை நடுவாகக் கொண்டு வேறொரு வில்லாக நகர்கின்றது. இவ்விரு விற்களும் ஒட்டிச் செல்லுமாறு முதலில் அமைத்தவர் கணக்கிட்டிருப்பர். கையின் இடம் மாறினால் விற்கள் பிரியும். அப்போது ஓட்டுபவர் கைச்சக்கரத்தை அசையாது பிடித்திருந்தும், பள்ளத்தில் விழுந்த மாத்திரத்தில் வண்டி தானே ஒருபுறம் பாயும். அதனைக் கோணமானி கொண்டு திருத்தலாம். வல்லுநர் திருத்தியும் உள்ளனர். ஆனால் சட்டத்தில் புதிய துளைகளும் புதிய தாங்கியும் வேண்டும்.

சட்டத்தில் துளையிடுவதில் எமக்கு இன்னுமொரு தயக்கம் இருந்தது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆக்கியோர் குறித்த அமைப்பினின்று வேறுபடுமாறு வண்டியை மாற்றுதலைத் தடுக்கின்றது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்திற்று. எனவே இவ்வண்டி இன்றுள்ள கோலத்தில் பொதுச் சாலைக்குரியதன்று. தோட்டத்துக்குள்ளும், செட்டிபாளையத்திலுள்ள கரி பந்தயத் தடம் போன்ற அடைப்பிடங்களிலும் மட்டுமே ஓடத்தக்கது. ஆனால் 2021-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மைய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. முதற் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்ததாய், சட்டமும் உடற்கூடும் இயந்திரமும் பெரிதும் மாற்றப்படாததாய் உள்ள வண்டிக்கு ‘விஏ’ என்னும் எழுத்துகளோடு தனிப் பதிவெண் உண்டு. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் செல்லலாம். நாள்தோறும் ஓட்டுதலும் வணிகத்துக்குப் பயன்படுத்துதலும் ஆகா. கூரையையும் இயந்திரத்தையும் என்றேனும் பழையபடி அமைத்தால் இவ்வண்டிக்கும் அப்பேறு கிட்டலாம். சட்டத்தைத் துளைத்தும் பற்றவைத்தும் விட்டால் அவ்வாயிலை நாமே அடைத்தவராவோம். ஆதலின், சட்டத்தில் ஒரு புதிய துளையும் இடுவதில்லை என்று உறுதி செய்துகொண்டோம்.

எனின், பழைய பெட்டியின் கூட்டைப் போலவே ஒன்றைக் கோயமுத்தூரில் வார்த்துவிடலாகாதா என்று கேட்பீர். இவ்வூரில் பிறந்தோர்க்கு அவ்வெண்ணம் எழாமல் இராது. இங்கே வார்ப்படச் சாலைகளும் லேத்துப் பட்டறைகளும் தெருவுக்குத் தெரு உண்டு. பம்பும் கிரைண்டரும் நூற்பாலை இயந்திரங்களும் இம்மண்ணிலே ஆயின. இளமையில் மோட்டார் சைக்கிளொன்றைப் பிரித்துப் பூட்டித் தொழில் கற்ற ஜி. டி. நாயுடு, 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கிப் பெரிய போக்குவரத்து நிலையத்தையே கட்டியெழுப்பினார். அவர் பெயரால் அமைந்து 2015-இல் திறக்கப்பெற்ற அவிநாசி சாலைக் கார்க் காட்சியகத்தில் பல நாட்டு வண்டிகளின் அடியுறுப்புகளை நின்று நோக்கும் மாணவர்க்கு, முடியாதது ஒன்றில்லை என்ற ஊக்கம் பிறக்கும். எமக்கும் பிறந்தது.

அவ்வூக்கத்தோடு மேஸ்திரியை வினவினோம். அவர் கூட்டைக் கையிலேந்திச் சிறிது நேரம் புரட்டிப் பார்த்து, “செஞ்சு குடுத்துர்லாமுங்க. ஆனா நாளைக்கு இது ஒடையாதுன்னு நான் எப்படிங்க சொல்றது?” என்றார். அவ்விடையில் ஒரு பொறியியல் நூலின் சாரம் அடங்கியிருந்தது. பம்பின் கூட்டுக்குரிய சாம்பல் நிற வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும். அடியையும் உலுக்கலையும் தாங்காது வெடிக்கும். வளைந்து கொடுக்கும் எஸ். ஜி. இரும்பை வார்ப்போரும் இவ்வூரில் உளர். ஆனால் ஒரே ஒரு கூட்டுக்காக மர அச்சு செய்து வார்த்தால், உள்ளே காற்றுக்குமிழ் நின்றதா என்று கதிர்வீச்சால் பார்க்கவேண்டும். நூறு வார்த்துச் சிலவற்றை உடைத்துப் பார்க்கும் பேறு ஒற்றை உறுப்புக்கு இல்லை. பல்லுருளைக்கும் மேற்புறம் கடினமாகவும் உட்புறம் உறுதியாகவும் இருக்குமாறு பதமிடவேண்டும். பதம் மிகின் பல் தெறிக்கும், குறையின் தேயும். பம்பு உடைந்தால் ஒருநாள் தண்ணீர் நிற்கும். சுக்கான் உடைந்தால் நிற்பது வேறு. ஆக்கும் திறனும் ஆக்கியதைச் சோதிக்கும் திறனும் ஒருங்கே இருக்குமிடத்திலன்றி உயிரை ஒப்படைக்கும் உறுப்பை ஆக்கலாகாது என்பதை எழுத்தறிவு குறைந்த அத்தொழிலாளி எமக்குக் கற்பித்தார். ஊர்ப் பெருமை உண்மைக்கு மேற்பட்டதன்று.

இந்நிலையில் எமக்கு உதவியது வரலாறு. அமெரிக்காவில் இடப்புற ஓட்டமாயிருக்க, இவ்வண்டி மட்டும் வலப்புற அமைப்போடு வந்தது எங்ஙனம் என்ற ஐயம் ஒருநாள் எழுந்தது. ஆராய்ந்ததில், 1904-இல் தொடங்கிய கனடா நாட்டுப் போர்டுக் கம்பெனிக்கே பிரிட்டன் நீங்கலாகப் பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட நாடுகளின் விற்பனையுரிமை அளிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. இந்தியாவிலும் அதன் கிளைக் கம்பெனி 1926-இல் பம்பாயில் நிறுவப்பட்டது. எம் வண்டியும் கனடாவிலிருந்து வந்து இந்நாட்டில் பூட்டப்பெற்றதே. அதே கனடாக் கம்பெனியே ஆஸ்திரேலியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் வலப்புற வண்டிகளை அனுப்பிற்று. ஆஸ்திரேலியாவில் ஜீலாங் நகரில் 1925-இலேயே தன் கிளையை நிறுவியிருந்தது. ஆகவே எமக்குரிய பெட்டியின் உடன்பிறப்புகளை அமெரிக்காவில் தேடுவதில் பயனில்லை, ஆஸ்திரேலியாவில் தேடவேண்டும். அங்கே மழை குறைந்த பண்ணைகளில் பழைய இரும்பு நெடுங்காலம் கெடாது கிடக்கும். பழைய வண்டிகளைப் பேணுவோரும் அந்நாட்டில் மிகுதி.

கடிதப் போக்குவரத்துச் சில திங்கள் நடந்தது. ஒருவர் தம்மிடமிருந்த வலப்புறப் பெட்டியைப் படமெடுத்து அனுப்பினார். பல்லுருளையின் மரை எப்புறம் சுற்றுகின்றது, செக்டாரில் பற்கள் எத்தனை, தண்டின் தடிமன் என்ன என்று யாம் கேட்டவற்றுக்கெல்லாம் அளந்து விடை கூறினார். விலையும் கப்பற் கூலியும் சுங்கவரியும் சேர ஜீப்பின் பெட்டியைப் போலப் பன்மடங்காயிற்று. நண்பர் அவ்வாண்டு தேங்காய்ப் பணத்தில் வாங்க எண்ணியிருந்த வேறொன்றைத் தள்ளிவைத்தார். பெட்டி வந்து சேர்ந்ததும் முதலிற் செய்தது செஞ்சாயச் சோதனை. கூட்டில் ஒரு கோடும் தோன்றவில்லை. பற்கள் சீராயிருந்தன. செக்டார்த் தண்டு சுழலும் பித்தளைப் புஷ்கள் மட்டும் தேய்ந்திருந்தன. அவற்றைக் கணபதியிலேயே கடைந்து நுண்ணளவாகப் பொருத்தினோம். கோயமுத்தூரின் கைத்திறனுக்கு உரிய இடம் அதுவாயிருந்தது. புஷ் தேய்ந்தால் வண்டி தளரும், தளர்ச்சி தன்னை அறிவிக்கும், மாற்றிக்கொள்ளலாம். கூடு வெடித்தால் அறிவிப்பே இல்லை.

பூட்டியபோது பழைய துளைகள் நான்கும் இம்மியும் பிசகாமல் நேர்ந்தன. முன் சக்கரங்களை நிலத்தினின்று தூக்கி, கோலைக் கழற்றி வைத்து, சக்கரம் நேராக நிற்கும் நிலையில் பற்களின் இடைவெளியை மிகக் குறைத்தோம். இரு கோடிகளிலும் சிறிது தளர்வு இருப்பதை உறுதிசெய்தோம். இரும்புக் கையைச் சுடவோ பற்றவைக்கவோ இல்லை. பிளவு முள்கள் யாவும் புதியன. கைச்சக்கரத்தை வலப்புறம் திருப்பச் சொல்லி, முன்னே நின்று சக்கரம் எப்புறம் செல்கின்றது என்று மேஸ்திரி பார்த்தார். இச்சோதனையைச் சிறுபிள்ளை விளையாட்டென எவரும் எண்ணற்க. பழைய பெட்டியில் நாலங்குலமாயிருந்த சும்மா அசைவு இப்போது ஓரங்குலத்துக்குள் அடங்கிற்று. நடை வேகத்திலும், மிதிவண்டி வேகத்திலும், அதற்கு மேலும் படிப்படியாகத் தோட்டத்திலேயே ஓட்டிப் பார்த்தோம். மூன்றாம் நாள் நண்பரின் தாயார் தாமே வண்டியில் ஏறி அமர்ந்து வாய்க்கால் திருப்பம் வரை சென்று வந்தார். அதன்பின் சாவியைத் தம் தகப்பனார் கையிற் கொடுத்தார். பெரியவர் இரண்டு சுற்று ஓட்டினார். இறங்கிய பின், முன்னையினும் கைக்கு இலேசாயிருக்கின்றது என்று மட்டும் கூறி, தென்னங்கன்றுகளுக்கு நீர் பாய்ச்சும் வேலையைப் பார்க்கச் சென்றுவிட்டார்.

மாணவ நண்பர்காள்! உங்களிற் பலர் நாளை இயந்திரங்களை ஆக்குவீர். ஏனையோர் அவற்றை ஏவுவீர். ஓர் உறுப்பை மாற்ற நேருமிடத்து, சந்தையில் எது சிறந்தது என்று தொடங்காதீர். இவ்வமைப்பு எதனை வேண்டுகின்றது, எப்பக்கம், எவ்வீச்சு, எவ்வளவு பாரம், எவ்விடம் என்று தொடங்குக. பழையதை ஆக்கியோர் ஏன் அங்ஙனம் ஆக்கினர் என்பதை அறியுமுன் அதனை அறுக்காதீர். பின் வருவோர் மீட்கவொண்ணாத மாற்றத்தை இயன்றவரை தவிர்க்க. அவ்வண்டியின் சட்டத்தில் இன்றும் ஒரு புதிய துளையில்லை. அது விரைவு வண்டியாகவே இருப்பதோ, கூரையும் பழைய இயந்திரமும் பெற்றுத் தன் முதற் கோலத்துக்கு மீள்வதோ நண்பரின் மக்கள் முடிவுசெய்யட்டும். அம்முடிவை அவர்கள் கையில் விட்டுவைக்க முடிந்ததே எமக்கு நிறைவு.